பெருமூச்சும் அளவுகோலும்

நமது தீவகத்துத் தாய்மாரின் மனநிலையை அறிவதற்கென இன்று ஆய்வாளர் கைக்கொள்ளும் அளவுகோல் ஸ்கொட்லாந்திலே பிறந்தது. ஜோன் கொக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்னும் மூவர் 1987ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். எடின்பரோ அளவை என வழங்கும் அது பத்து வினாக்களைக் கொண்டது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அச்சம் தோன்றிற்றா, உறக்கம் கெட்டதா, நேர்ந்த பிழைக்கெல்லாம் தன்னையே நொந்துகொள்ள நேர்ந்ததா என்னும் போக்கில் அவ்வினாக்கள் செல்லும். ஒவ்வொரு விடைக்கும் சுழியம் முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. பத்தாவது வினா, தன்னுயிருக்குத் தானே தீங்கிழைக்கும் எண்ணம் எழுந்ததுண்டா என்பது. அதனைக் கேட்கும்போது கேட்பவளின் குரலும் சற்றுத் தாழ்ந்துவிடும்.

இவ்வளவையை நாம் பழிக்கப் புகவில்லை. அதன் எளிமையே அதன் பெருமை. மனநோய் வைத்தியரைக் காண வழியற்ற ஓர் ஊரிலும், வீடுவீடாகச் செல்லும் குடும்பநல மாது ஒருத்தி இதனைக் கேட்டுவிடலாம். இலங்கையிலே அத்தகைய மாதர் உள்ளனர் என்பது சிறிய செய்தியன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்துவந்த சேவை அது. 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. அத்தொகை அண்மைக் காலத்தில் 30ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கியது. செல்வம் மிக்க நாடுகள் பலவும் வியந்து நோக்கிய வெற்றி அது. ஆயினும் அவ்வெற்றி உடலைப் பற்றியது. பிள்ளை பெற்றவள் குருதிப் பெருக்கால் இறந்தால் கணக்கிலே வந்தாள். கிணற்றில் விழுந்து இறந்தால் வேறொரு கணக்கிற்குப் போனாள். பேறுகாலத்துத் தற்கொலையையும் தாய்மை மரணமாகவே கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துரைத்தது 2012ஆம் ஆண்டிலேதான். எனவே தாயின் மனத்தைக் கேட்கத் தொடங்கியமை காலந்தாழ்ந்த நீதி. அதனை வரவேற்றுக்கொண்டே, எப்படிக் கேட்கிறோம் என்பதை விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். எடின்பரோ அளவையின் தமிழ் வடிவம் வேலூரிலே சோதிக்கப்பட்டு 2005இல் வெளிவந்தது. சிங்கள வடிவம் 2008இல். இவ்வாறு சோதிப்பது இன்றியமையாதது. மூலத்தில் 12 புள்ளிக்கு மேற்பட்டாரையே நோயுற்றிருக்கக் கூடியோர் எனக் கருதினர். சிங்கள வடிவத்தைச் சோதித்தோர் 9 என்ற எல்லையே பொருத்தமென்று கண்டனர். ஒரே துயரம் ஒரு நாட்டிலே 12ஆகவும் மற்றொரு நாட்டிலே 9ஆகவும் வெளிப்படுகிறது என்றால், எண்ணுக்கும் துயருக்கும் இடையில் மொழியும் பண்பாடும் நிற்கின்றன என்பது தெளிவு. வேலூர்த் தமிழும் வேலணைத் தமிழும் ஒன்றே எனக் கொள்வது மற்றொரு மயக்கம். தமிழகத்தில் ஒருத்தி யோசிக்கிறாள் என்றால் அவள் சிந்திக்கிறாள் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் ‘அவள் கனக்க யோசிக்கிறாள்’ என்று அயலவர் சொன்னால், அவள் உண்ணாமல் உறங்காமல் துயரத்தில் ஆழ்ந்திருக்கிறாள் என்பதே பொருள். வினாத்தாளை எழுதியவன் இந்தச் சொல்லை அறியாதிருந்தால், எதிரே இருப்பவள் தன் நோயைச் சொல்லி முடித்த பின்னரும் அவன் நோயைத் தேடிக்கொண்டிருப்பான். அன்றியும், கையில் தாளோடு வந்த படித்த பெண் கேட்டால் ‘ஓம்’ என்று சொல்வது நம்மூரில் மரியாதை. எப்படி இருக்கிறீர்கள் என்றால் ‘ஏதோ இருக்கிறம்’ என்பது விடை. அவ்விடைக்குச் சுழியம் கொடுப்பதா, மூன்று கொடுப்பதா?

இரண்டாவது, உடல். நமது தாய்மார் மனத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. நெஞ்சு நோகிறது, கைகால் உளைகிறது, தலை இடிக்கிறது என்பார்கள். பெருமூச்சு விடுவார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவத்தில் இப்பெருமூச்சை ஒரு மொழியாகவே கண்டு எழுதினார். அவரும் சிவயோகனும் போரின் நடுவே வடபுலத்து மக்கட்கூட்டமொன்றை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரையிலே, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 27 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 25 வீதத்தினரிடமும் காணப்பட, மனத்துயர் உடல்நோவாக வெளிப்படுதல் 41 வீதத்தினரிடம் காணப்பட்டது. இம்மூன்றாவது எண்ணே எமக்கு முக்கியம். எடின்பரோ அளவை உடல்நோவை வேண்டுமென்றே விலக்கியது. பிள்ளை பெற்றவளுக்குக் களைப்பும் நோவும் இயல்பாகையால் அவற்றை நோயின் அடையாளமெனக் கொள்ளலாகாது என்பது அதன் நியாயம். நியாயமே, ஆனால் துயரைச் சொல்வதற்கு உடலைத் தவிர வேறு மொழி பழகாதவளிடம் அந்த ஒரு மொழியையும் கேட்கமாட்டோம் என்கிறது அது.

இனி ஆய்வுகள் கண்ட காரணங்களுக்கு வருவோம். தமிழ்ப் பெண்களிடையே இவ்விடயத்தில் நடந்த ஆய்வுகளுள் மதிப்புமிக்கது, வேலூர் மாவட்டத்துக் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைச் சேர்த்துப் பேற்றின் பின்னர் 301 பேரைத் தொடர்ந்து கண்டனர். புதிதாக மனச்சோர்வுற்றோர் 11 வீதத்தினர். குறைந்த வருமானம், ஆண்பிள்ளை வேண்டியிருக்கப் பெண்பிள்ளை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்து இடர்கள், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை காரணங்களாகக் காணப்பட்டன. இதே காரணங்களை எடுத்து நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கேட்டால் போதாதா என்று இளம் ஆய்வாளர் எண்ணக்கூடும். போதாது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் வேலூர்க் குடும்பம் போன்றதன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைப் புரட்டினாலே தாய்வழிச் சீதனம் மகளுக்குச் செல்லும் நெறி புலப்படும். வீடு மகளுக்கு, மணமகன் அவ்வீட்டுக்கு வருகிறான். பெற்றவளுக்குப் பக்கத்து வளவிலேயே தாய் இருக்கிறாள், சின்னம்மா இருக்கிறாள், தமக்கை இருக்கிறாள். துடக்குக் கழியும் முப்பத்தொன்று வரைக்கும் இலைகள் அவித்த சுடுநீரில் வார்ப்பதும், சரக்குக் கறி ஆக்கிக் கொடுப்பதும், இரவிலே பிள்ளையை வாங்கித் தோளிலே போடுவதும் அவர்கள் கடன். துடக்கு என்பது தீட்டின் கொள்கை. பெண்ணை இழிவுபடுத்தும் கொள்கை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மூடக் கொள்கையின் நிழலிலே உழைப்பிலிருந்து முப்பத்தொரு நாள் விடுமுறை ஒன்று பெண்ணுக்குக் கிடைத்துவந்தது என்பதையும் காணாதிருத்தல் தகாது. கொள்கையைத் தள்ளுகிறோமென்று விடுமுறையையும் தள்ளிவிட்டால் இலாபம் யாருக்கு?

ஆகவே தீவகத்தில் தாய்வீடு எங்கே என்பதுதான் முதல் வினாவாக இருக்கவேண்டும். மாமியாரின் கொடுமை இங்கே இரண்டாம் பட்சம். தாய்வீடு எங்கே? 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை தொடங்கித் தீவகம் முழுவதும் படைநடவடிக்கைக்கு உட்பட்டபோது மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். வலிகாமத்துக்குப் போனவர்கள் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் அங்கிருந்தும் பெயர்ந்தனர். வன்னி, கொழும்பு, தமிழகத்து முகாம், கனடா, பாரிஸ் என ஒரு குடும்பம் ஐந்து திசையில் சிதறியது. புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்தது பழைய வரலாறு. அன்று ஆண்கள் போனார்கள், பெண்கள் ஊரிலே சேர்ந்திருந்தார்கள். போரிலே சேர்ந்திருந்த பெண்களே பிரிந்தார்கள். இன்று புங்குடுதீவு வீதியில் நடப்போர் கூரையற்ற கல்வீடுகளையும் பற்றை மூடிய வளவுகளையும் காண்பார்கள். அவற்றுள் பலவும் ஒரு காலத்தில் ஒருத்தியின் தாய்வீடுகள். திரும்பிவந்து பிள்ளை பெறும் இளம்பெண்ணுக்கு வீடு உண்டு, காணி உறுதியும் இருக்கலாம். சுடுநீர் வார்க்கும் கை ஸ்காபரோவில் இருக்கிறது. தொலைபேசியிலே முகம் காணலாம். பிள்ளையைத் தோளிலே போட முடியாது. கைவேலைக்கு உதவியின்மை என்று வேலூர் ஆய்வு ஒரு வரியிலே கூறியது, தீவகத்தில் ஒரு போரின் வரலாறு.

2009ஆம் ஆண்டு யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1517 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வந்த ஆய்வை இங்கே குறிப்பிடலாம். பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், மனவடு நோய் 7 வீதம். அவ்வேளை இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தோரிடம் மனச்சோர்வு 41.8 வீதம். மாவட்டத்துச் சராசரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, துயரம் பெண்ணின் மண்டைக்குள்ளே மாத்திரம் விளைவதன்று என்பதற்குப் போதிய சான்று.

இக்கருத்தை நம்மிடையே வலிமையோடு சொன்னவர் மீண்டும் தயா சோமசுந்தரமே. ராஜனி திராணகம முதலியோரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’யை எழுதியவர், 1998இலும் 2014இலும் வந்த அவருடைய ஆங்கில நூல்கள் இரண்டின் பெயரையும் ஒப்பிட்டால் அவரது சிந்தனையின் பயணம் விளங்கும். முதல் நூல் வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. இரண்டாவது வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. தனியாள் ஒருவனின் நோயாக மேலைநாட்டார் வகுத்தது நமது சூழலை விளக்கப் போதாது. குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுறுகின்றன, ஒருவரையொருவர் நம்பும் தன்மை அழிகிறது, மௌனமும் பிறர்கை நோக்கியிருத்தலும் பழக்கமாகின்றன என்று அவர் காட்டினார். கூட்டு மனவடு என்னும் இக்கருத்து ஒரு பெரிய முன்னேற்றம். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பெண்களும் கைக்குழந்தையும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர்; கடற்படையினரே அதனைச் செய்தனர் என்று தப்பியோர் சாட்சி கூறினர். ஓர் ஊர் முழுவதற்கும் வெளியுலகத்துக்குரிய பாதை அந்தக் கடல்தான். மருத்துவமனைக்கும் அதே நீரைக் கடந்தே கர்ப்பவதி போகவேண்டும். இதனைத் தனியாள் நோயென்று சொல்வதற்கு எந்த மருத்துவநூலும் இடந்தராது.

ஆனால் ஒரு தடை சொல்லவேண்டியிருக்கிறது. அது ஆசிரியரைப் பற்றியதைவிட, அவர் கருத்தை எடுத்தாளும் இளம் ஆய்வாளர்களையும் நிறுவனங்களையும் பற்றியது. அவர்கள் கையிலே ‘சமூகம்’ என்பது ஒருமைப்பட்ட, இனிய, போருக்கு முன்னர் குறையேதுமற்றிருந்த ஒன்றாகிவிடுகிறது. சமூக நல்வாழ்வு என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள்; எந்தச் சமூகம், யாருடைய நல்வாழ்வு என்று கேட்பதில்லை. புங்குடுதீவிலே 1971ஆம் ஆண்டு நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டவேண்டும். தாழ்த்தப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீரெடுக்கும் உரிமைக்காக அவ்வாண்டு மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார், பொலிசாரால் தாக்கப்பட்டார், 1973இல், நாற்பது வயதை எட்டுமுன், இறந்தார். முற்போக்கு அணியினராகிய நமக்கும் அவருக்கும் தத்துவத்தில் ஆகாது. நம்மவர் அவரை ஆன்மிகவாதி என்று ஒதுக்கினார்கள். அவரும் நம்மை விட்டுவைக்கவில்லை. எனினும் அந்தக் கிணற்றடியில் நின்றவர் அவர். இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமிருக்கத் தேவையில்லை, ஒப்புக்கொள்ளாதிருந்தமைக்குத்தான் வெட்கப்படவேண்டும்.

கிணற்றுக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தீவகத்தை அறிந்தவர் கேட்கமாட்டார். சுண்ணக்கற் பாறைக்கு மேலே மழைநீர் மெல்லிய படையாக மிதக்கிறது; சற்று மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். நல்ல தண்ணீர்க் கிணறு சில இடங்களில்தான். அவ்விடங்கள் யாருடைய காணியில் இருந்தன என்பது சாதியின் வரலாறு. அங்கிருந்து நீர் சுமந்தவர் யார் என்பது பெண்ணின் வரலாறு. குடத்தோடு பிறன் வேலிக்கு வெளியே காத்துநின்று, அவர்கள் அள்ளி ஊற்றும்வரை கையேந்தியிருந்த கர்ப்பவதியின் தாழ்வுணர்ச்சியை எந்த அளவை அளந்தது? இன்று குழாயும் தாங்கியும் உவர்நீக்கும் பொறியும் வந்திருக்கலாம். வராத வரண்ட மாதங்களும் உண்டு. ஊர் சேர்ந்து வடுப்பட்டது உண்மை. ஊருக்குள்ளே ஊர் ஏற்படுத்திய வடு அதற்கு முந்தியது.

நம்முடைய பக்கத்துப் பிழையையும் மறைப்பதற்கில்லை. வறுமை ஒழிந்தால் மனநோய் தானாக ஒழியும், அதுவரை மனத்தைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம் என்று எண்ணிவந்தோம். துயரத்துக்கு வர்க்கம் உண்டு என்பது மெய்யே. ஜோர்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் இலண்டனின் கம்பர்வெல் பகுதியில் ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூல் அதனை நிறுவிற்று. சிறுபிள்ளைகள் உள்ள தொழிலாளர் வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்திருந்தது. ஆனால் அதே நூல், மனந்திறந்து பேச ஒருவர் இருத்தல் பெரிய காப்பு என்பதையும் காட்டிற்று. பின்னர் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமப்புறத்தில் அதிப் ரஹ்மானும் தோழரும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு நம்மை இன்னும் சங்கடப்படுத்தவேண்டியது. மனநோய் மருத்துவரல்லாத கிராமத்துச் சுகாதார ஊழியப் பெண்கள், பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற தாய்மாரை வீட்டிலே சென்று முறையாகக் கண்டு பேசினார்கள். ஆறு மாதத்தில் அவ்வாறு பேசப்பட்டோருள் 23 வீதத்தினரே நோயுற்றிருந்தனர்; மற்றப் பிரிவில் 53 வீதத்தினர். நிலம் பங்கிடப்படவில்லை, கடன் தள்ளுபடியாகவில்லை. வறுமை இருந்தபடியே இருந்தது. ஆயினும் பாதிக்கு மேற்பட்டவர்களின் துயர் குறைந்தது. புரட்சி வரும்வரை காத்திரு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் உரிமை நமக்கு யார் தந்தது? நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் என்று கொள்வோர் பலர். அங்கே பெற்ற பாத்திரத்தால் மணிமேகலை காயசண்டிகையின் யானைத்தீ நோயைத் தீர்க்கிறாள். தத்துவ விசாரணை காப்பியத்தில் மிகவும் பிந்தி வருகிறது. சாத்தனார் அந்த வரிசையை அறிந்தே வைத்திருக்கவேண்டும்.

இலக்கியத்திலும் இக்குறையே தெரிகிறது. கோர்க்கியின் ‘தாய்’ நம்மவரை வளர்த்த நூல். ஆனால் அதன் நிழலிலே நாம் படைத்த தாய்மார் யாவரும் ஒன்றில் தியாகிகள், அன்றேல் விழிப்புற்ற போராளிகள். பிள்ளையைப் பெற்றுவிட்டு அதன் முகத்தைப் பார்க்க மனமின்றிச் சுவரைப் பார்த்துக் கிடப்பவள் நம் சிறுகதைகளில் அருமையாகவே வருகிறாள். வந்தாலும் பேய்பிடித்தவளாகவோ விசரியாகவோ வருகிறாள். தீவகம் நல்ல எழுத்தாளரைத் தந்த மண். சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராம’த்தில் ஆளற்றுப்போன ஊரைப் பாடினார், அல்லைப்பிட்டியின் ஷோபாசக்தி 2001இல் ‘கொரில்லா’வைத் தந்தார். வெறுமையான ஊரும் ஓடிப்போன இளைஞனும் இவற்றிலே வாழ்கிறார்கள். எஞ்சி நின்று பெற்றவள் எங்கே? 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண் கவிஞர் தொகுதியின் தலைப்பே இதற்கு விடை கூறுகிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே சென்று பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதியதுபோல, நெடுந்தீவுப் பெண்களோடு ஒரு பருவம் தங்கியிருந்து எழுத நம்மில் ஒருவர் முன்வரவேண்டும். அத்தகைய நாவல் ஒன்று பத்து வினாத்தாளுக்குச் சமானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினோராவது வினா எதுவாக இருக்கவேண்டும் என்பதை அது சொல்லும்.

ஆய்வாளர் பலர் நெடுந்தீவுக்கு எப்படிப் போகிறார்கள் என்பதும் நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் பேருந்தேறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடந்து, இறங்கி, வினாத்தாளை நிரப்பி, திரும்பும் படகைத் தவறவிடாமல் ஓடுகிறார்கள். படகு நேரமே ஆய்வின் நேரம். கணவன் கடலுக்குப் போய் வந்து உறங்கும் வேளை அது. மாமியோ அயலவளோ திண்ணையில் இருக்கும் வேளை. அங்கே பத்தாவது வினாவுக்கு யார் உண்மை சொல்வார்? காற்றெழுந்து படகு போகாத இரவிலே, வலி வந்துவிடுமோ என்று கரையைப் பார்த்திருக்கும் நிறைமாதக்காரியின் அச்சத்தை, காற்றடங்கிய பகலில் வந்து கேட்பவர் ‘காரணமற்ற அச்சம்’ என்ற கட்டத்தில் குறித்துக்கொள்வார். அவளுக்குக் காரணம் கண்முன்னே அலையடித்துக்கொண்டிருக்கிறது.

காரணங்கள் இன்னும் உண்டு. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அதன் பின்னரும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் சிறு மீனவனின் வலையை அறுத்துச் சென்றன. அக்கரையிலும் இழுவையில் கூலிக்கு நிற்பவன் ஏழைதான். படகின் சொந்தக்காரன் வேறு. போருக்குப் பின் வந்த நுண்கடன் நிறுவனங்கள் கடனைப் பெண்களின் பெயரிலே எழுதின. தவணை வாங்க வருபவன் படலையில் நிற்பதும் பெண்ணின் முன்னேதான். 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியபோது வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல கரையிலே கிடந்தன. கர்ப்பிணிகளுக்கென அரசு கொடுத்துவந்த திரிபோஷா மாவும் அவ்வாண்டில் தடைப்பட்டது. அந்த ஆண்டில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு 14 புள்ளி வந்திருந்தால், அந்தப் பதினான்கில் எத்தனை புள்ளி எண்ணெய்க்குரியது என்று பிரித்துக் காட்டும் ஆய்வே சமூக ஆய்வு என்னும் பெயருக்குத் தகும்.

வினாத்தாளை எறிந்துவிடுக என்று நான் சொல்லவில்லை. அதன் ஓரத்திலே சில வினாக்களைப் பேனாவால் எழுதிச் சேர்க்கலாம். உங்கள் அம்மா இப்போது எங்கே? குடிதண்ணீர் யார் அள்ளி வருகிறார்கள், எவ்வளவு தூரம்? இராவிலே பிள்ளை அழுதால் வேறு யார் எழும்புவார்கள்? கடன் யார் பெயரில்? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, ‘என்ன பிள்ளை, சாப்பிட்டியே?’ என்று தொடங்கும் குடும்பநல மாது இவற்றுள் பாதிக்கு விடை அறிந்தே இருக்கிறாள். அவளுடைய பதிவேட்டில் குழந்தையின் நிறைக்கு இடமுண்டு, தடுப்பூசிக்கு இடமுண்டு, தாயின் பத்து வினாவின் கூட்டுத்தொகைக்கும் இன்று இடம் கிடைத்திருக்கலாம். அவள் அறிந்த மற்றவற்றை எழுதுவதற்குப் பதிவேட்டில் இரண்டு வெற்றுத் தாள்களும், அவற்றை எழுதுவதற்கு ஓர் அரைமணி நேரமும், எழுதியதை வாசித்துப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் வேண்டும். அவள் ஒருத்தியாகவே பல கிராமங்களைப் பார்க்கும் நிலையில் அந்த அரைமணி எங்கிருந்து வரும் என்பதை, ஆய்வு நடத்துவோர் தம் அடுத்த அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதட்டும்.